வடகடலுக்குக் கொண்டுபோன நல்லெண்ணெய்

பிள்ளைகளே, போன மாதம் எங்களுடைய பழைய வெள்ளை வானை வாங்க வந்தவர், அதை ஓட்டிக்கொண்டு போகும்போது தெருமுனையில் ஹோர்ன் அடித்தாரே, நினைவிருக்கிறதா? நாங்கள் நாலு பேரும் வாசலில் நின்றோம். அந்தச் சத்தம் கேட்டதும் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். நீங்கள் இரண்டு பேரும் என்ன, என்ன என்று கேட்டீர்கள். நான் "பேந்து சொல்லுறன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

அந்தப் பேந்துதான், அந்தப் 'பிறகு'தான் இது.

நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். கடிதம் எழுதுவேன், கடைக்காரருக்குச் சாமான் பட்டியல் எழுதுவேன், அவ்வளவுதான். ஆனால் இந்தக் கதையை வாயால் சொன்னால் நடுவில் உங்கள் மாமா வந்து குறுக்கே கதைத்துக் குழப்பிவிடுவார். அதனால் எழுதுகிறேன். உங்களுக்குத் தமிழ் வாசிக்கக் கஷ்டம் என்பதால் அம்மாதான் வாசித்துக் காட்டுவார். அது தெரிந்துதான் எழுதுகிறேன்.

தோட்டத்துக் கொட்டிலில் ஒரு நீளமான பலகை சாய்த்து வைத்திருக்கிறதல்லவா? மகன் ஒருநாள் அதன் மூக்கில் இருக்கும் சிவப்புக் கறையைத் தொட்டுப் பார்த்து, கெச்சப்பா என்று கேட்டான். அது குங்குமம். அந்தப் பலகை உங்கள் அம்மாவுடையது. கடலில் அலை வரும்போது அதன் மேல் எழும்பி நின்று வழுக்கிக்கொண்டு கரைக்கு வருவார்களே, அந்த அலைச்சறுக்குப் பலகை.

ஓம், உங்கள் அம்மாதான். கடலில் பிறந்து வளர்ந்தவர் என்று நினைக்க வேண்டாம். அவர் கிணற்றுத் தண்ணீரில் குளித்து வளர்ந்தவர். நானும் அப்படித்தான். எனக்கு இன்றைக்கும் நீந்தத் தெரியாது.

அது நீங்கள் இரண்டு பேரும் பிறப்பதற்கு முந்திய காலம். லண்டனில், பிளேஸ்டோவில் ஒரு கடைக்கு மேலே ஒற்றை அறை வீட்டில் இருந்தோம். நான் மரக்கறி வான் ஓடினேன். மொத்தச் சந்தையில் வெண்டிக்காயும் முருங்கைக்காயும் ஏற்றி, ஈஸ்ட் ஹாம், மனோர் பார்க் என்று கடை கடையாக இறக்குவேன். அம்மா ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்தார். ஒரு கோடையில் அந்தச் சமையலறைப் பெண்கள் எல்லாரும் பஸ் பிடித்து டெவன் கடற்கரைக்கு ஒருநாள் சுற்றுலா போனார்கள். அங்கே பலகை வாடகைக்குக் கொடுத்துப் பழக்கினார்களாம். மற்றவர்கள் இரண்டு தரம் விழுந்துவிட்டு ஐஸ்கிரீம் சாப்பிடப் போய்விட்டார்கள். அம்மா மட்டும் பின்னேரம் வரை தண்ணீரில் நின்றார். கடைசியில் ஒரு சின்ன அலையில் எழும்பி நின்றும்விட்டார்.

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், கம்பளத்தில் குப்புறப் படுத்து எனக்குச் செய்து காட்டினார்.

"இஞ்சை பாருங்கோ. இப்பிடிப் படுத்துக் கையால தண்ணியைத் துடுப்பு மாதிரி வலிக்கிறது. அலை பின்னால தூக்கும். அப்ப ரெண்டு கையையும் ஊண்டி, ஒரே துள்ளு."

ஒரே துள்ளில் எழும்பி, முழங்காலை மடித்துக்கொண்டு நின்றார். மேசை விளிம்பில் இருந்த கோப்பை விழுந்து உடைந்தது. நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அவருடைய முகம் வேறு எங்கேயோ இருந்தது.

அடுத்த மாதமே ஒரு பழைய பலகையை வாங்கிவிட்டார். எட்டடி. எங்கள் வீட்டு நடைபாதை ஒன்பதடி. சமையலறைக்குப் போக வேண்டுமென்றால் பக்கவாட்டில் நடக்க வேண்டும். புதிதாக வாகனம் வாங்கினால் கோயிலுக்குக் கொண்டுபோய், சில்லுக்கு அடியில் தேசிக்காய் நசித்துப் பூசை செய்வது எங்கள் வழக்கம் அல்லவா? நான் பலகையை வானில் ஏற்றி மனோர் பார்க்கில் முருகன் கோயிலுக்குக் கொண்டுபோனேன்.

ஐயர் தேசிக்காயும் கையுமாக வெளியே வந்தார். "வாகனம் எங்கை தம்பி?"

"இதுதான் ஐயா."

பலகையை மேலும் கீழும் பார்த்தார். "சில்லைக் காணேல்லை?"

"இது தண்ணியில ஓடுறது ஐயா."

"அப்ப தேசிக்காயை எதுக்குக் கீழை வைக்கிறது?"

"என்னட்டைத் தாங்கோ ஐயா, ஊறுகாய் போடுறன்" என்றார் அம்மா.

ஐயர் சிரித்துக்கொண்டே பலகையின் மூக்கில் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டார். சந்தனம் முதல் அலையிலேயே போய்விட்டது. குங்குமம் போகவில்லை.

கோடையில் பழகினால் போதும்தானே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். அம்மா வேலை செய்த பள்ளிக்கூடச் சமையலறைச் சுவரில் ஒரு நாட்காட்டி தொங்கியது. அதன் தை மாதப் படத்தில் கரை முழுக்கப் பனி. கடல் சாம்பல் நிறம். கறுப்பு உடுப்பு, தலைமூடி, கையுறை எல்லாம் போட்ட ஒருவர் பலகையைத் தூக்கிக்கொண்டு பனியில் நடந்து போகிறார். ஸ்கொட்லாந்தின் வடக்குக் கரை என்று கீழே எழுதியிருந்தது. மாதம் முடிந்ததும் அம்மா அந்தத் தாளைக் கிழித்துக்கொண்டு வந்து எங்கள் குளிர்பெட்டியில் ஒட்டினார்.

"இதிலை முகம் தெரியேல்லை, பாத்தனீங்களோ? நானாயும் இருக்கலாம்" என்றார்.

அப்படித்தான் அந்த ஆசை வந்தது. அந்த வடகடலில், குளிர்காலத்தில், ஒரே ஒரு அலையில் எழும்பி நிற்க வேண்டும். குளிர்காலத்தில்தான் அங்கே நல்ல அலை வருமாம்.

முதல் குளிர்காலம் போனோம். கடல் குளம் மாதிரிக் கிடந்தது. திரும்பி வரும்போது பனி விழுந்து பாதையைப் பூட்டிவிட்டார்கள். அம்மா திங்கட்கிழமை வேலைக்குப் பிந்திப் போனார். இரண்டாம் குளிர்காலம் போனோம். அலை இருந்தது. ஆனால் அம்மா தண்ணீரில் இருபது நிமிடம்தான் நின்றார். வெளியே வந்தபோது உதடு நீலம். பல் கிடுகிடுவென்று அடித்தது. தேநீர்க் கோப்பையைப் பிடிக்க முடியாமல் நான்தான் வாயில் வைத்துப் பருக்கினேன். அந்த முறையும் வான் வழியில் நின்று, மறுபடியும் பிந்திப் போனார். இனி ஒருமுறை பிந்தினால் வேலை இல்லை என்று சமையலறை மேலாளர் எழுத்திலேயே கொடுத்துவிட்டார்.

மூன்றாம் குளிர்காலம் புறப்படும்போது அம்மா நடைபாதையில் பலகைக்குப் பக்கத்தில் நின்று சொன்னார்:

"இந்த முறையும் ஏலாட்டி இதை ஆருக்கும் குடுத்துவிடுறன். நாளைக்குப் பிள்ளை குட்டி எண்டு வந்தா வைக்க எங்கை இடம்?"

குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் கை பலகையைத் தடவிக்கொண்டிருந்தது.

அன்று பின்னேரம் உங்கள் மாமா தொலைபேசி எடுத்தார். அம்மாவின் அண்ணை, உங்களுக்குத் தெரியும்தானே, சும்மா இருக்கமாட்டார். ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு அம்மா சாப்பாடு கட்டிக்கொண்டிருந்தார்.

"ஏன் பிள்ளை, லண்டன்ல குளிர் காணாதெண்டே மேலை போறாய்?"

"ஓம் அண்ணை."

"தண்ணியில விழ எழுநூறு மைல் ஓட வேணுமோ? என்ரை வீட்டை வா. குளியலறையில பச்சைத்தண்ணியைத் திறந்து விடுறன், ஆசை தீர விழு."

"உங்கட குளியலறையில அலை வராது அண்ணை."

"நான் இறங்கினா வரும்" என்றார் மாமா. அவருடைய வண்டி, அந்தப் பெரிய வயிறு, அந்தக் காலத்திலும் அப்படித்தான்.

நாங்கள் வியாழன் மாலை புறப்பட்டோம். வெள்ளிக்கிழமை லீவு. திங்கள் காலை ஏழு மணிக்கு அம்மா சமையலறையில் நிற்க வேண்டும். வானின் பின்பக்கம் பலகை, மெத்தை, அடுப்பு, அரிசி, பருப்பு, கடலைமா. கடற்கரையில் சுடச்சுட வெங்காய பஜ்ஜி போட்டுக் கொடுக்கலாம் என்று கடலைமா மட்டும் இரண்டு கிலோ எடுத்திருந்தேன். அம்மாவுக்குத் தெரியாமல் இன்னொன்றும் எடுத்திருந்தேன். ஒரு போத்தல் நல்லெண்ணெய்.

அதைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த நீல உதட்டை நான் ஒரு வருடமாக மறக்கவில்லை. குளிருக்கு என்ன செய்யலாம் என்று யோசித்து யோசித்து, கடைசியில் எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்துக்கு வந்து சேர்ந்தேன். நல்லெண்ணெயில் மிளகும் உள்ளிப்பூண்டும் போட்டுக் காய்ச்சி உடம்பில் பூசினால் சூடு. சளி பிடிக்காது. வான் ஓடுகிறவன் நான். எண்ணெய் போட்டால் எதுதான் கெட்டுப்போகும் என்பது என் எண்ணம்.

அந்த வடகரையில், தேர்சோ என்ற ஊருக்கு அப்பால், ஒரு கரவன், சில்லு வைத்த சின்ன வீடு, வாடகைக்கு எடுத்திருந்தோம். வெள்ளிக்கிழமை முழுக்கப் புயல். கரவன் தொட்டில்போல ஆடியது. சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குத்தான் விடிந்தது. கதவைத் திறந்தால் காற்று நின்றிருந்தது. கடலில் அலைகள் கோடு கோடாக, ஒன்றன்பின் ஒன்றாக, யாரோ அடுக்கி அனுப்புவதுபோல வந்துகொண்டிருந்தன. அம்மா என் கையைப் பிடித்தார்.

நான் அடுப்பை மூட்டி எண்ணெயைக் காய்ச்சினேன்.

"என்னப்பா மணக்குது? காலமையே கறியோ?"

"இஞ்சேரும், முதுகைக் காட்டும். கதைக்காதையும்."

முதுகு, கை, கால், பாதம் எல்லாம் சூடாகத் தேய்த்துவிட்டேன். அம்மா முதலில் முணுமுணுத்தார். பிறகு, "நல்லாத்தான் இருக்கு" என்றார். அதற்குப் பிறகுதான் அதிசயம். குளிர்க்கடலுக்குப் போடும் வெட்சூட் தடித்த ரப்பர்மாதிரி இருக்கும். உடம்போடு ஒட்டிப் பிடிக்கும். அதைப் போட வழக்கமாக அரைமணி நேரம் மல்லுக்கட்ட வேண்டும். அன்று வழுக்கிக்கொண்டு ஐந்து நிமிடத்தில் ஏறிவிட்டது.

"ஐயோ, இதை முதல்லயே செய்திருக்கலாமே!" என்று அம்மா சிரித்தார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அதே கையால் அவருடைய ரப்பர்ச் சப்பாத்தை அடியில் பிடித்து ஏற்றிவிட்டேன். கையுறையை விரல் விரலாக இழுத்துவிட்டேன். பலகையைத் தூக்கித் தலையில் வைத்துக் கரைவரை நானே சுமந்து போனேன்.

கரையில் ஒரு பெண், ஒரு கறுப்பு நாயோடு நடந்துகொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். அந்த ஊர்க்காரர். அவருடைய நாய் என்னைக் கண்டதும் ஓடிவந்து என் கையை நக்கத் தொடங்கியது. நல்ல நாய், அன்பான நாய் என்று நினைத்தேன்.

அம்மா கடலில் இறங்கினார். முதல் அலை வந்தது. படுத்து வலித்தார். அலை தூக்கியது. கையை ஊன்றினார். கை வழுக்கி முகம் பலகையில் அடித்தது. இரண்டாம் அலையில் கை நின்றது, கால் வழுக்கியது. மூன்றாம் அலை, நான்காம் அலை. பதினைந்து வரை எண்ணினேன். பிறகு எண்ண மனம் வரவில்லை. ஒவ்வொரு முறையும் அலை சரியாக இருந்தது. நேரம் சரியாக இருந்தது. துள்ளும்போது மட்டும், யாரோ காலைப் பிடித்து இழுப்பதுபோல அம்மா பலகையிலிருந்து போய்க்கொண்டிருந்தார்.

மதியம் வெளியே வந்து தேநீர் குடித்தார். மறுபடியும் போனார். உடம்பில் குளிர் இல்லை, அதை நான் சொல்ல வேண்டும். உதடு நீலமாகவில்லை. ஆனால் இருட்டத் தொடங்கும்போது பலகையை இழுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் மணலில் இருந்தார்.

"எனக்கு ஏலாது போல கிடக்கு" என்றார். "டெவன்ல நிண்டது தற்செயல்."

அப்போது அந்த ஊர்ப் பெண் வந்தார். அவருடைய நாய் இப்போது பலகையை நக்கிக்கொண்டிருந்தது. அவர் குனிந்து பலகையில் விரலை வைத்துத் தேய்த்தார். விரலை முகர்ந்தார். இன்னொருமுறை முகர்ந்தார். அந்த ஊர் ஆங்கிலம் எங்களுக்குப் பாதிதான் விளங்கும். ஆனால் இது முழுவதும் விளங்கியது.

"நீங்கள் இதில் அலைக்குப் போகப் போகிறீர்களா, மீன் பொரிக்கப் போகிறீர்களா?"

பிறகு விளக்கினார்; அவரும் பலகையில் அலைக்குப் போகிறவராம். பலகையின் மேல்பக்கம் மெழுகு பூசியிருக்கும். கையும் காலும் வழுக்காமல் பிடிப்பதற்கு அந்த மெழுகுதான். அதில் ஒரு சொட்டு எண்ணெய் பட்டாலும் பிடிப்புப் போய்விடும். இங்கே கையுறை, சப்பாத்து, பலகை எல்லாம் எண்ணெய். நாள் முழுக்க உங்கள் அம்மா கடலோடு சண்டை பிடிக்கவில்லை. என் நல்லெண்ணெயோடுதான் சண்டை பிடித்திருக்கிறார்.

அம்மா என்னைப் பார்த்தார். திட்டினால் தாங்கியிருப்பேன்.

"நீங்கள் நல்லதுக்குத்தானே செய்தனீங்கள்" என்றார். அதுதான் தாங்க முடியவில்லை.

கரவனுக்குள் வந்து ஹீட்டரைப் போட்டோம். அம்மா குளித்துவிட்டு, போர்வையைச் சுற்றிக்கொண்டு கட்டிலில் குந்தியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்குப் புறப்பட்டால்தான் திங்கள் காலை வேலைக்குப் போய்ச் சேரலாம். விடிவது ஒன்பதுக்கு. மூன்று மணி நேரம்தான் மிச்சம்.

நான் பலகையைத் தூக்கி இரண்டு இருக்கைகளுக்குக் குறுக்கே வைத்தேன். பழைய மெழுகைச் சுரண்ட ஒன்றும் அகப்படவில்லை. பணப்பையில் பஸ்ஸுக்கும் ரெயினுக்கும் காட்டும் ஒயிஸ்டர் கார்ட் இருந்தது. அதன் ஓரத்தால் சுரண்டத் தொடங்கினேன். கரவனில் இருந்த பாத்திரம் கழுவும் சோப்புத்தண்ணீர் வெட்சூட்டுக்கும் கையுறைக்கும் சப்பாத்துக்குமே சரியாகிவிட்டது. பலகைக்கு ஒன்றுமில்லை. ஊர்க்கடையோ பூட்டியாகிவிட்டது.

அப்போதுதான் கடலைமா ஞாபகம் வந்தது. சனிக்கிழமை எண்ணெய் முழுகினால் தலையில் உள்ள எண்ணெயை எதால் எடுப்போம்? சீயாக்காய் இல்லாவிட்டால் மா போட்டுத்தானே தேய்ப்போம்? பலகையிலும் எண்ணெய்தானே?

இரண்டு கிலோவையும் கொட்டினேன். ஒருமுறை உலர்ந்த மாவால் தேய்த்தேன். எண்ணெயைக் குடித்து உருண்டை உருண்டையாக வந்தது. பிறகு இளஞ்சூட்டுத் தண்ணீரில் குழைத்துத் தேய்த்தேன். தேசிக்காயைப் பிழிந்து தேய்த்தேன். துடைத்தேன். மறுபடியும் தேய்த்தேன்.

அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் வாய் திறந்தார்.

"என்னை ஒருநாளும் இப்பிடி முழுகவாத்ததில்லை."

"நீர் ஒருநாளும் வழுக்கேல்லை" என்றேன்.

அப்போதுதான் சிரித்தார். போர்வையை எறிந்துவிட்டு வந்து, மற்ற மூலையிலிருந்து தானும் தேய்க்கத் தொடங்கினார். முடிந்ததும் கன்னத்தைப் பலகையில் வைத்து இழுத்துப் பார்த்தார். கிறீச் என்று சத்தம் வந்தது. மெழுகு அம்மாவிடம் பாதிக் கட்டிதான் இருந்தது, சவர்க்காரம் தேய்ந்ததுபோல. அந்த ஊர்ப் பெண் தன்னுடைய கட்டி ஒன்றைத் தந்திருந்தார். இரண்டையும் சேர்த்துப் பூசினார். என்னைத் தொடவிடவில்லை. அடுத்தநாள் பஜ்ஜியும் இல்லை.

ஞாயிறு காலை கதவைத் திறந்தால் கரை முழுக்க வெள்ளை. குளிர்பெட்டியில் ஒட்டிய படம் அப்படியே வெளியே கிடந்தது. அலை முந்தின நாளைவிடச் சிறியது. ஆனால் இருந்தது. வானை மணலோரம் கொண்டுபோய் நிறுத்தினேன். அம்மா வானுக்குள் மரக்கறிப் பெட்டிகளுக்கு நடுவில் நின்று, எண்ணெய் இல்லாத உடம்பில் வெட்சூட்டை ஏற்றப் போராடினார். அரைமணி நேரம் போனது. நான் கிட்டப் போனேன்.

"தொடாதேங்கோ!"

"கை கழுவிட்டன்."

"எத்தினை தரம்?"

"அஞ்சு."

"இன்னொருக்காக் கழுவுங்கோ. கழுவிட்டு உந்தக் கையுறையைப் போட்டுக்கொண்டு இழுங்கோ."

பாத்திரம் கழுவும் இளஞ்சிவப்புக் கையுறை. அதைப் போட்டுக்கொண்டுதான் முதுகுப்பக்க ஸிப்பை இழுத்துவிட்டேன். பலகையையும் அவரே தூக்கினார். போகுமுன் திரும்பி விரலை நீட்டினார்.

"பன்னிரண்டு மணிக்கு ஹோர்ன் அடியுங்கோ. மூண்டு தரம். நான் என்ன செய்துகொண்டிருந்தாலும் வெளியில வந்திடுவன். வேலையை விடேலாது. விளங்குதோ?"

"விளங்குது."

"பாவம் பாக்கக்கூடாது."

"பாக்கமாட்டன்."

பனியில் நடந்து போனார். முதுகுதான் தெரிந்தது, முகம் தெரியவில்லை. அந்தப் படத்தில் இருப்பது அவர்தான் என்று யாராவது சத்தியம் செய்தால் நானும் செய்திருப்பேன்.

விழுந்தார். ஆனால் இன்றைய விழுகை வேறு. கை வழுக்கவில்லை. ஒருமுறை முழங்காலில் நின்று நாலடி வந்தார். ஒருமுறை எழும்பி நிமிருவதற்குள் அலை உடைந்தது. பதினொன்றரை ஆனது. பிறகு கடல் ஓய்ந்துவிட்டது. அலைகள் கூட்டமாகத்தான் வருமாம். ஒரு கூட்டம் போனால் அடுத்தது வரும்வரை காத்திருக்க வேண்டுமாம். அந்த ஊர்ப் பெண் நாயோடு வந்து வானில் சாய்ந்துகொண்டு எனக்குச் சொன்னார். அம்மா தூரத்தில் பலகையில் குந்தியிருந்தார். சாம்பல் தண்ணீரில் ஒரு மிளகு விழுந்ததுபோல.

பதினொன்று ஐம்பது. பதினொன்று ஐம்பத்தைந்து. வானின் மணிக்கூட்டை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பன்னிரண்டு.

ஹோர்னில் கையை வைத்தேன். அம்மா சொன்னால் சொன்னதுதான், உங்களுக்குத் தெரியும். சத்தம் கேட்டால் அடுத்த நிமிடமே கரைக்குத் திரும்புவார். லண்டனுக்கு வருவார். பலகையை யாருக்கோ கொடுத்துவிடுவார். அதைப் பற்றி ஒருநாளும் ஒரு சொல் சொல்லமாட்டார். ஹோர்ன் அடிக்காவிட்டால் வேலை போகலாம். வீட்டில் இரண்டு சம்பளம் இருந்தும் இழுபறிதான். சரி, பிழை என்று இரண்டு பக்கமும் யோசிக்க எனக்கு நேரம் இல்லை. அவருடைய முதுகுக்குப் பின்னால், வெகுதூரத்தில், கடலில் ஒரு கறுத்தக் கோடு தெரிந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று.

கையை எடுத்தேன். இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து, அவற்றின் மேல் நானே குந்தியிருந்தேன்.

முதல் அலையை அம்மா விட்டுவிட்டார். இரண்டாவது வந்தபோது திரும்பிப் படுத்தார். வலித்தார். அலை பின்னால் எழும்பியது. அவர் கையை ஊன்றுவதைக் கண்டேன். கை நின்றது. கால் வந்தது. கால் நின்றது. கம்பளத்தில் செய்து காட்டிய அதே துள்ளு.

எழும்பி நின்றார்.

வடிவாக நின்றார் என்று சொல்லமாட்டேன். சமையலறையில் பெரிய கிடாரம் தூக்குகிறவர்போல, முழங்காலை மடித்து, பின்பக்கத்தைத் தள்ளிக்கொண்டு நின்றார். ஆனால் நின்றார். நான் ஒன்றிலிருந்து எண்ணினேன். ஒன்பது வரை எண்ணும்வரை நின்றார். பனியும் கரையும் நானும் வானும் அவரை நோக்கிப் போவதுபோல இருந்தது. முழங்கால் தண்ணீருக்கு வந்ததும் தானே குதித்து இறங்கி, திரும்பிக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். என்னை அல்ல, கடலை. எனக்கு அது பிடித்திருந்தது. ஊர்ப் பெண் கை தட்டினார். நாய் குரைத்தது. நான் வானைவிட்டு இறங்கி, அந்த இளஞ்சிவப்புக் கையுறையோடு பனியில் ஓடினேன்.

அம்மா கேட்ட முதல் கேள்வி, "கண்டனீங்களோ?"

"கண்டன். முழுக்கக் கண்டன்."

இரண்டாவது கேள்வி, "மணி என்ன?"

"பன்னிரண்டே கால்."

முகம் மாறியது. "ஹோர்ன் அடிக்கேல்லையே?"

"அடிச்சனான். மூண்டு தரம். காத்தில உமக்குக் கேட்டிருக்காது."

அம்மா என்னைப் பார்த்தார். கடலைப் பார்த்தார். ஊர்ப் பெண்ணின் பக்கம் பார்த்தார். அவருக்குத் தமிழ் தெரியாதது என் நல்ல காலம்.

"கெதியா வாங்கோ" என்றார்.

வழி முழுக்கத் தண்டனைதான். பனி தள்ளும் வண்டிக்குப் பின்னால் ஊர்ந்தோம். இரண்டு இடத்தில் ஒற்றைப் பாதை. அம்மா தூங்கவில்லை. ஒவ்வொரு வீதிப் பலகையிலும் இத்தனை மைல் என்று வாசித்துக்கொண்டே வந்தார். ஆனால் நடுவில் நடுவில், ஒரு காரணமும் இல்லாமல், சிரிப்பார். பள்ளிக்கூட வாசலில் வானை நிறுத்தியபோது ஏழுக்குப் பத்து நிமிடம். உப்புக் காய்ந்த தலையோடு, உள்ளி மணக்க மணக்க உள்ளே ஓடினார். அன்றைக்கு மத்தியானம் பிள்ளைகள், சாப்பாடு புது மணமாக இருக்கிறது என்று இரண்டாம் தரம் கேட்டு வாங்கினார்களாம். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. அம்மா அப்படித்தான் சொன்னார்.

பலகையை யாருக்கும் கொடுக்கவில்லை. அடுத்த குளிர்காலம் மகள் வயிற்றில் இருந்தாள். பிறகு மகன். வடக்கே நாங்கள் மறுபடி போகவே இல்லை. ஆனால் பிளேஸ்டோவில் பனி விழும் காலையில், வான் கண்ணாடியைச் சுரண்டும்போது, எனக்கு அந்தக் கரவனின் மா மணம் வரும். வானின் பின்கதவைத் திறந்தால் அம்மா வெட்சூட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டு நிற்பார்போல இருக்கும். அதனால்தான் அந்தப் பழைய வானை இவ்வளவு காலம் விற்காமல் வைத்திருந்தேன். மாமா நினைப்பதுபோல நான் கஞ்சன் என்பதால் அல்ல.

இனி ஹோர்ன்.

பதினான்கு வருடமாக அம்மா, நீங்கள் இல்லாத நேரத்தில், மாமாவுக்கும் மற்றப் பெரியவர்களுக்கும் இந்தக் கதையைச் சொல்லும்போது, "இவர் ஹோர்ன் அடிச்சவர், காத்தில எனக்குக் கேக்கேல்லை" என்றுதான் சொல்லி வந்தார். நானும் தலையாட்டி வந்தேன். போன மாதம் வானை வாங்கியவர் தெருமுனையில் அடித்தபோது மூன்றாம் வீட்டுக்காரர் யன்னலைத் திறந்து பார்த்தார். அவ்வளவு சத்தம். அதனால்தான் அம்மா என்னைப் பார்த்தார், அதனால்தான் அந்தச் சிரிப்பு.

நான் உள்ளே போய்க் கேத்திலைப் போட்டேன். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

"அப்ப நீர் கண்டுபிடிச்சிட்டீர்" என்றேன். "அண்டைக்கு நான் அடிக்கேல்லை."

"கண்டுபிடிச்சதோ? எனக்கு அண்டைக்கே தெரியும்."

"எப்பிடி?"

"அலை அப்பிடி வடிவா நிமிந்து வந்ததெண்டா காத்து கரையிலிருந்து கடலுக்கு வீசினதெண்டு அர்த்தம். நீங்கள் அடிச்சிருந்தா நேரை என்ரை காதுக்கு வந்திருக்கும்." கோப்பைகளை எடுத்து வைத்தார். "மூண்டு வருசம் அந்தக் கடலைப் பாத்தனான். காத்து எந்தப் பக்கமெண்டு எனக்குத் தெரியாதோ?"

"பேந்தேன் இவ்வளவு காலமும் அடிச்சவர், அடிச்சவர் எண்டு எல்லாருக்கும் சொன்னனீர்?"

"அடிக்காம இருந்தவர் எண்டு சொன்னா, அண்ணை உங்களை விசரன், பைத்தியம் எண்டு சொல்லுவார்" என்றார் அம்மா. "தேத்தண்ணிக்குச் சீனி எத்தினை?"